சுரங்களை நேரப்படி வாசிக்க ஹீப் போதுமா?

ஜூலை 6 | கடலூர் வாசகர் கேட்டது

மஞ்சக்குப்பத்தில் ஒரு பரதநாட்டிய வகுப்புக்காகப் பயிற்சி மென்பொருள் எழுதுகிறேன். தாளம், மிருதங்கம், சொற்கட்டு, தம்புரா, வீணை எல்லாம் சேர்த்து ஒரு வர்ணத்துக்குப் பத்தாயிரம் நிகழ்வுகள் வருகின்றன. எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கின்றன. புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் மறுபடி வரிசைப்படுத்துகிறேன். அவ்வப்போது ஒலி 'டக்' என்று வெட்டுகிறது. எல்லாவற்றையும் ஹீப் (heap) என்ற தரவுக் கட்டமைப்பில் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர். சரிதானா?

ஜூலை 6, இரவு

தீராது. வெட்டு நின்றாலும் வேறு இடத்தில் தலைவலி தொடங்கும்.

எப்போது என்ன வந்து சேரும் என்று தெரியாத கூட்டத்தில், இருப்பதிலேயே முந்தியதைச் சட்டென்று எடுத்துத் தருவதுதான் ஹீப்பின் வேலை. பத்தாயிரம் நிகழ்வு இருந்தாலும் ஒன்றைச் செருகப் பதினான்கு படிகளுக்கு மேல் ஆகாது. 1964இல் ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் என்ற கணினி அறிஞர் வெளியிட்டது. இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் உங்கள் வர்ணம் அப்படிப்பட்ட கூட்டமா? பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையில் வரும் ஜதிகள் எல்லாம் முன்பே எழுதி முடித்தவை. அடுத்து எது என்பது இப்போதே தெரியும். தெரிந்ததை ஒரே ஒருமுறை வரிசைப்படுத்தி ஓர் அணியில் (array) வையுங்கள். எதுவரை வாசித்தாயிற்று என்று காட்டும் ஓர் எண்ணை மட்டும் நகர்த்திக்கொண்டே போங்கள். அடுத்த நிகழ்வு ஒரே படியில் கிடைக்கும்.

ஹீப்பிலிருந்து எடுத்தது எடுத்ததுதான், அங்கே மிச்சம் இருக்காது. ஆசிரியை "மறுபடி பல்லவியிலிருந்து" என்றால் மொத்தத்தையும் திரும்ப நிரப்ப வேண்டும். நடன வகுப்பில் ஒரு மாலைக்குள் இந்த வார்த்தை எத்தனை முறை வரும் என்று உங்களுக்கே தெரியும். அணியில் அந்த எண்ணைப் பின்னுக்குத் தள்ளினால் வேலை முடிந்தது.

ஜூலை 7

ஒலி வெட்டுவது ஏன் என்று நேற்று சொல்லாமல் விட்டேன். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அலையின் ஒரு கண அளவு), ஒரு தடவைக்கு 128 சாம்பிள் என்று ஒலி அட்டை கேட்டால், ஒவ்வொரு தடவைக்கும் உங்களுக்குக் கிடைப்பது 2.67 மில்லி நொடி. அதற்குள் வீணையின் ஒலியையும் உருவாக்கி, மிருதங்கத்தையும் கலந்து கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியில் பத்தாயிரம் உருப்படிகளை வரிசைப்படுத்தப் புகுந்தால் எப்போதாவது ஒருமுறை நேரம் தவறத்தான் செய்யும். தவறிய அந்த ஒருமுறைதான் உங்கள் 'டக்'. சராசரி வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைக் காப்பாற்றாது. மோசமான நேரத்தில் எவ்வளவு ஆகும் என்பதே இங்கே கணக்கு.

1986இல் எம்.ஐ.டி.யில் பேரி வெர்கோ எழுதிய சிசவுண்ட் என்ற இசை மென்பொருளிலும், இசைக்குறிப்புக் கோப்பு முதலில் நேரவாரியாக வரிசைப்படுத்தப்படும். அதன் பிறகே வாசிப்பு.

ஜூலை 7, மாலை

"அப்படியானால் ஹீப்புக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிறக்கும் நிகழ்வுகளுக்கு, அவை தம் நேரம் வரும்வரை காத்திருக்கும் ஒரு கியூ வேண்டும். வீணையில் ஒரு சுரம் தொடங்கியதும் அது எப்போது அடங்க வேண்டும் என்ற நிகழ்வு பிறக்கிறது. மாணவி ஒருத்தி விசைப்பலகையில் தட்டினால் அது ஒன்று. எதிரொலி வைத்தால் இன்னொன்று. இவை எதுவும் முன்கூட்டி எழுதியவை அல்ல.

ஆனால் இந்தக் கூட்டம் சின்னது. ஒரே நேரத்தில் அடங்கக் காத்திருக்கும் சுரங்கள் முப்பதைத் தாண்டினால் வியப்பு. ஒரு நிகழ்வுக்கு 16 பைட் என்றால் 32 நிகழ்வு சேர்ந்து 512 பைட். செயலி ஒரு மூச்சில் 64 பைட்டாக நினைவகத்திலிருந்து இழுக்கிறது, ஆக எட்டே இழுப்பு. இந்த அளவில் சரியான இடத்தில் செருகி வரிசை குலையாமல் வைத்திருக்கும் சின்ன அணியே போதும். ஹீப் போட்டாலும் கெடுதல் இல்லை. சிவப்பு-கறுப்பு மரம் என்ற, கிளை கிளையாக வரிசை காக்கும் கட்டமைப்பு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு கணுவும் நினைவகத்தில் ஒவ்வொரு மூலையில் கிடக்கும், செயலி அலைந்து தேட வேண்டியிருக்கும்.

இந்தப் பதில்களில் நான் சொல்ல வந்தது இதுதான்: எழுதி வைத்தது ஒரு கட்டமைப்பில் இருக்கட்டும், பிறந்துகொண்டிருப்பது வேறொன்றில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பானையில் கொட்டுவதால்தான் எந்தக் கட்டமைப்பைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று இடறுகிறது.

ஜூலை 9

ஒரே கணத்தில் இரண்டு நிகழ்வு வந்தால் எது முதலில்? கேட்க அற்பமாகத் தோன்றும். என் பழைய நிரல் ஒன்றில் தம்புரா சில ஆவர்த்தனங்களில் (தாளச் சுற்றுகளில்) வாயே திறக்காது. சில ஆவர்த்தனங்களில் ஒழுங்காகப் பாடும். காரணம் இதுதான்.

ஆதி தாளத்தில் எட்டாவது அட்சரம் முடியும் இடமும் அடுத்த ஆவர்த்தனத்தின் சமமும் (தொடக்க அடியும்) ஒரே புள்ளி. அங்கே பழைய ஸட்ஜம் அடங்க வேண்டும், புதிய ஸட்ஜம் எழ வேண்டும். சம நேரம் உள்ளவற்றை, போட்ட வரிசையிலேயே திருப்பித் தருவேன் என்று ஹீப் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. 'எழு' முதலில் வந்து 'அடங்கு' பின்னால் வந்தால், இப்போதுதான் எழுந்த ஸட்ஜத்தின் கழுத்தையே அது பிடிக்கும்.

ஆகவே நேரத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். முதலில் நேரம், பிறகு வகை, பிறகு வரிசை எண். வகையில் 'அடங்கு' முதலில், வாத்திய மாற்றமும் ஒலி அளவும் நடுவில், 'எழு' கடைசியில். நான் இம்மூன்றையும் ஒரே 64 பிட் எண்ணில் அடக்கிவிடுகிறேன்: மேலே 40 பிட் நேரம், 4 பிட் வகை, 20 பிட் வரிசை எண். ஒப்பிடுவது ஒரே கழித்தல்.

ஒரு பொறி இருக்கிறது. மிருதங்கச் சொல்லுக்கு நீளம் பூஜ்யம் என்று வைத்திருந்தால், இந்த விதிப்படி 'அடங்கு' 'எழு'வுக்கு முன்னால் போய்விடும். சொல் அடங்கவே அடங்காது. குறைந்தது ஒரு டிக் நீளம் கொடுங்கள். டிக் என்பது அட்சரத்தைச் சம பங்குகளாகப் பிரித்த மிகச் சிறிய நேர அலகு.

ஜூலை 10

அட்சரத்துக்கு 480 டிக் என்று கடலூர்க்காரர் வைத்திருக்கிறார். 960 போதும் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இரண்டும் நமக்கு ஆகாது. இதை அழுத்திச் சொல்வேன்.

480ஐ மூன்றால் வகுக்கலாம், நான்கால், ஐந்தால் வகுக்கலாம். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம் வரை சரி. மிஸ்ர நடை வந்ததும் ஏழால் வகுக்க 68.57. ஒவ்வொரு சொல்லையும் 69 என்று முழுமையாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் ஏழு சொல்லுக்கு 483. அட்சரத்துக்கு மூன்று டிக் மிகுதி, ஆவர்த்தனத்துக்கு 24. அட்சரத்துக்கு ஒரு நொடி என்ற காலப்பிரமாணத்தில் அது 50 மில்லி நொடி. எட்டு ஆவர்த்தனம் போனால் 400 மில்லி நொடி. அதாவது கிட்டத்தட்ட மூன்று மிஸ்ரச் சொற்கள் அளவுக்கு மிருதங்கம் தாளத்தை விட்டு விலகியிருக்கும். எந்த நட்டுவனாரும் இதைப் பொறுக்க மாட்டார். 960ஐ எடுத்தாலும் ஏழால் வகுபடாது, ஒன்பதாலும் வகுபடாது.

3, 4, 5, 7, 9 ஐந்துக்கும் பொதுவான மிகச் சிறிய எண் 1260. ஆனால் சதுஸ்ரத்தில் அட்சரத்துக்குப் பதினாறு சொல் போனால் 1260 வகுபடாது. 5040 வகுபடும், 315 வரும். முப்பத்திரண்டு வரை போகிறவர்கள் 10080 எடுக்கட்டும். மிடி (MIDI) என்ற இசைக்குறிப்புக் கோப்பில் இந்த எண்ணுக்கு 15 பிட் இடம் இருக்கிறது, 32,767 வரை கொள்ளும். ஆகவே கோப்பாகச் சேமிப்பதிலும் தடையில்லை.

ஜூலை 10, பின்குறிப்பு

திரிகால ஜதிக்குக் காலப்பிரமாணத்தையே இரட்டிப்பாக்கும் நிரலைக் கண்டேன். கூடாது. காலம் ஏறும்போது சொல்தான் நெருங்குகிறது, தாளம் அதே நடையில் நிற்கிறது. அது டிக் கணக்கில் முடிய வேண்டிய வேலை.

ஜூலை 14

"நேரத்தை நொடியில், தசம எண்ணாக வைத்தால் டிக் கணக்கே வேண்டாமே?" என்று ஒரு வாசகர்.

32 பிட் தசம எண் 1,67,77,216 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் சொல்லும். அதற்குமேல் ஒன்றைக் கூட்டினால் கூட்டாதது போலவே நிற்கும். சாம்பிளை ஒவ்வொன்றாக அதில் எண்ணினால், 48,000 வேகத்தில் 5 நிமிடம் 49 நொடியில் உங்கள் கடிகாரம் நின்றுவிடும். வர்ணம் அதைவிட நீளம்.

32 பிட் முழு எண் எடுத்தால் 24 மணி 51 நிமிடம். சுருதிப் பெட்டியை அணைக்காமல் ஓடவிடும் வீடுகள் இருக்கின்றன. மறுநாள் அதே நேரம் தாண்டியதும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். 64 பிட் முழு எண் எடுங்கள், பேச்சே வேண்டாம்.

ஜூலை 20

நேற்று கடலூர் போய் அந்த வகுப்பைப் பார்த்தேன். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வாசகர் அனுப்பிய நிரலைப் படித்துக்கொண்டே போனேன். அணியும் சின்ன கியூவுமாக அவர் பிரித்துவிட்டார். வெட்டு நின்றுவிட்டது.

வகுப்பில் வேறு ஒன்று தெரிந்தது. ஆசிரியை தட்டுக்கழியைப் பலகையில் நிறுத்திவிட்டு, "தம்பி, அந்தக் கோர்வைக்கு ஓர் ஆவர்த்தனம் முன்னாலிருந்து வையுங்கள்" என்றார். வாசகர் அந்த இடத்துக்குத் தாவினார். மிருதங்கம் வந்தது, சொற்கட்டு வந்தது. தம்புரா இல்லை. வீணையின் நீண்ட பஞ்சமமும் இல்லை. ஆசிரியை மேலே விட்டத்தைப் பார்த்து, "சுருதி எங்கே?" என்றார். அந்தத் தம்புரா அதற்கு இரண்டு ஆவர்த்தனம் முன்பே தொடங்கியிருந்தது. தாவிய இடத்துக்குப் பிறகு தொடங்குபவை மட்டுமே அணியில் கண்ணில் படும். முன்பே தொடங்கி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டியவை படாது.

"இந்தக் கணத்தில் எவையெல்லாம் ஒலிக்கின்றன?" என்ற கேள்விக்கு இடைவெளி மரம் என்று ஒரு கட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் தன் கிளையில் மிகத் தாமதமாக முடிவது எது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். அழகானது. ஆனால் இந்த வகுப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே யாரும் நடு அட்சரத்துக்குத் தாவுவதில்லை. எப்போதும் ஆவர்த்தனத்தின் தொடக்கம்தான். ஆகவே ஒவ்வொரு ஆவர்த்தனத் தொடக்கத்துக்கும் ஒரு சிறு குறிப்பு வையுங்கள்: அணியில் எந்த இடம், அப்போது எவை ஒலிக்கின்றன, ஒவ்வொரு தடத்தின் ஒலி அளவு என்ன. தாவும்போது தேடலே இல்லை.

தாவும் முன் இப்போது ஒலிப்பவற்றை நிறுத்தவும் வேண்டும். மிடியில் 16 சேனல், சேனலுக்கு 128 சுரம், மொத்தம் 2048 பிட், 256 பைட். எழும்போது பிட்டை ஏற்றி, அடங்கும்போது இறக்கி வந்தால் எவை நிற்கின்றன என்பது எப்போதும் கையில் இருக்கும்.

ஜூலை 22

தாவியதும் கியூவில் காத்திருக்கும் பழைய 'அடங்கு'களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டாம். ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு தலைமுறை எண் வையுங்கள். தாவும்போது அந்த எண்ணை ஒன்று கூட்டுங்கள். பழைய எண்ணோடு வெளியே வருவதைக் கண்டதும் தள்ளிவிடுங்கள்.

ஜூலை 27

காலப்பிரமாணம் பற்றி. ஆசிரியை திரையிலுள்ள நகர்த்தியை (slider) இழுத்து வேகத்தைக் குறைக்கிறார். கியூவில் நேரம் நொடியில் இருந்தால் காத்திருக்கும் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். டிக்கில் இருந்தால் ஒன்றையும் தொட வேண்டாம். வெளியே அனுப்பும் கணத்தில் மட்டும் டிக்கைச் சாம்பிளாக மாற்றினால் போதும். அதற்கு, எந்த டிக்கில் வேகம் மாறியது, அப்போது எத்தனையாவது சாம்பிள் என்ற சிறு அணி ஒன்று; அதில் பாதி பாதியாகக் குறுக்கிப் பார்க்கும் இருமத் தேடல்.

எதிரொலி இதில் சேராது. 300 மில்லி நொடி எதிரொலி, தாளம் தளர்ந்தாலும் 300தான். ஆகவே நொடிக் கணக்குக்குத் தனி கியூ. சூப்பர் கொலைடர் என்ற இசை நிரல் மென்பொருளிலும் தாளத்தோடு ஓடும் கடிகாரமும் சுவர்க் கடிகாரம் போல் ஓடுவதும் தனித்தனியாக இருப்பது இதனால்தான்.

முன்னோக்கிப் பார்க்கும் நேரத்தையும் அளவோடு வையுங்கள். 100 மில்லி நொடி முன்கூட்டியே நிகழ்வுகளை ஒலி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டால், நகர்த்தியை இழுத்த பிறகும் அவ்வளவு நேரம் பழைய வேகமே கேட்கும். அட்சரத்துக்கு ஒரு நொடி என்றால் மிஸ்ரச் சொல் ஒன்று 143 மில்லி நொடி. முக்கால் சொல் பழைய நடையில் போய்விடும்.

ஆகஸ்ட் 3

பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜதியைத் திருத்துவது எப்படி என்று கேள்வி. ஒலியைக் கவனிக்கும் இழையில் (thread, நிரலுக்குள் தனியாக ஓடும் பணி) நினைவகம் கேட்காதீர்கள், மற்ற இழையைக் காக்கவைக்கும் பூட்டுப் (lock) போடாதீர்கள். திரையைக் கவனிக்கும் இழை புதிய அணியைத் தனியாக ஆக்கட்டும். பத்தாயிரம் நிகழ்வு 16 பைட்டில் 160 கிலோபைட். நகலெடுக்க ஒரு மில்லி நொடிகூட ஆகாது. ஆனதும் முகவரியை ஒரே அடியில் மாற்றிக் கொடுங்கள். பழைய அணியை ஒலி இழை விட்டுவிட்ட பிறகு திரை இழையே அழிக்கட்டும். மாணவியின் தட்டல்களுக்கு ஒரு வட்ட பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்): ஒருவர் எழுத, ஒருவர் வாசிக்க.

பூட்டு ஏன் வேண்டாம் என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் சாட்சி. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, இடைநிலைப் பணிகள் அதை ஓடவிடாமல் தடுக்க, முன்னுரிமை மிக்க பணி காத்தே கிடந்தது. கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தது. நம் ஒலி இழையும் அப்படிக் காத்துக் கிடந்தால் பழைய 'டக்' திரும்பும்.

ஆகஸ்ட் 19

போன வாரம் வீராம்பட்டினம் தேரில் நின்றேன். தவில்காரர் பக்கத்தில், அதே வாசிப்பு தொலைவிலிருந்த ஒலிபெருக்கியில் பின்தங்கி. ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கி 100 மில்லி நொடி தாமதம். மூன்று மீட்டரில் நிற்கும் தவிலே 9 மில்லி நொடி தாமதமாகத்தான் காதுக்கு வருகிறது, யாரும் குறை சொல்வதில்லை. நிலையான சிறு தாமதத்துக்குக் காது பழகிவிடும். ஒரு அடி 2 மில்லி நொடியிலும் அடுத்தது 20லும் வந்தால்தான் நடை தள்ளாடுகிறது. கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியைவிட மோசமான நேரத்தைப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்னதன் காரணம் இதுவும்தான்.

ஆகஸ்ட் 24

ஜூலை 7இல் சின்ன அணியே போதும் என்று எழுதியதைச் சற்றே விரிக்க வேண்டியிருக்கிறது. கடலூர்க்காரர் இப்போது சலங்கை சேர்க்கிறார். பதிவு செய்த ஒலியாக இல்லாமல், ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் சற்று முன்பின்னாக அதிர வேண்டும் என்கிறார். காலுக்கு நூறு மணி, மணிக்குச் சில அதிர்வுகள் என்று வைத்துக்கொண்டால் துரித காலத்தில் கியூவில் ஆயிரக்கணக்கில் சேரும். வரிசையாகச் செருகும் அணி இங்கே திணறும்.

இதற்கு நேரச் சக்கரம். 1987இல் வர்கீஸ், லாக் என்ற கணினி ஆய்வாளர்கள் எழுதியது. 1024 அறைகள் கொண்ட வட்டம், அறைக்கு 128 சாம்பிள். மொத்தம் 2.73 நொடி தொலைவு. புதிய அதிர்வு எந்த அறையில் விழும் என்பது ஒரு வகுத்தலில் தெரிந்துவிடும், அங்கே போட்டுவிடலாம். எத்தனை ஆயிரம் இருந்தாலும் ஒரே படி. அதைவிடத் தொலைவில் விழுவது ஏதாவது இருந்தால் பழைய சின்ன அணியில் இருக்கட்டும்.

அறைக்குள் வரிசை வேண்டுமா என்று உடனே கேட்டார். தம்புராவுக்கு வேண்டும், மணிகளுக்கு வேண்டாம். ஒவ்வொரு மணியும் தன் சாம்பிள் இடத்தில் தன் ஒலியைக் கூட்டுகிறது, அவ்வளவே. எதை முதலில் கூட்டினாலும் காதுக்கு ஒன்றுதான். எதற்கு வரிசை தேவை, எதற்குத் தேவையில்லை என்று பார்த்தபின் பாதிச் சுமை தானாகவே இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 25

ஹீப்புக்கு நல்ல இடம் ஒன்று விட்டுப்போயிற்று. மிடி கோப்பில் தம்புரா, வீணை, மிருதங்கம் என்று தடங்கள் தனித்தனியாக இருக்கும், ஒவ்வொன்றும் தனக்குள் வரிசையாக. நேரமும் முந்தைய நிகழ்விலிருந்து எவ்வளவு என்ற வித்தியாசமாகத்தான் எழுதியிருக்கும். அவற்றைக் கூட்டி முழு நேரமாக்கி, எல்லாத் தடங்களையும் ஒரே அணியாகப் பின்னும்போது ஹீப் போடலாம். அதில் நிற்பது நிகழ்வுகள் அல்ல, தடங்கள். ஆறு தடம் என்றால் ஆறே உருப்படி.

ஆகஸ்ட் 31

"சரியாக ஓடுகிறது என்று எப்படி உறுதி செய்வது?" என்பதற்கு.

ஒலி அட்டை இல்லாமல், வர்ணம் முழுவதையும் வேகமாக ஓட்டி, எந்தச் சாம்பிளில் எந்த நிகழ்வு போனது என்று கோப்பில் எழுதுங்கள். ஒருமுறை 64 சாம்பிளாக, ஒருமுறை 128ஆக, ஒருமுறை 1000 போல் 64ஆலோ 128ஆலோ வகுபடாத அளவில். மூன்று கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், நிகழ்வு எங்கோ சாம்பிளுக்குப் பதிலாக பஃபரின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். பிறகு ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் தாவி, அங்கே ஒலிப்பவற்றை, முதலிலிருந்து ஓட்டி அதே இடத்தில் ஒலித்தவற்றோடு ஒப்பிடுங்கள்.

கடலூர்க்காரர் நேற்று இதை ஓட்டினார். முதல் சோதனை தேறியது. தாவும் சோதனையில் அனுபல்லவிக்கு அடுத்த ஆவர்த்தனத்தில் வீணைச் சுரம் ஒன்று மிகுதியாக நின்றது. அதன் நீளம் சரியாக அந்த ஆவர்த்தனத் தொடக்கத்திலேயே முடிகிறது. சிறு குறிப்பை எழுதும் இடத்தில் 'சமம் அல்லது மேல்' என்றிருப்பதை 'மேல்' என்று மாற்றச் சொன்னேன். இன்று காலை எல்லா ஆவர்த்தனமும் தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறார்.